‘அப்பாவுக்குத் தெரியவேண்டாம் டாக்டர்’: வகுப்பில் தோற்ற வாதமும் வார்டில் வந்த கேள்வியும்

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு மாணவி. பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டோம். நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் இது.

போன மாதம் ஏட்காம் வகுப்பில், அதாவது மருத்துவ மாணவர்களுக்கு அறநெறியும் நோயாளியிடம் பேசும் முறையும் சொல்லித்தரும் வகுப்பில், ஒரு கேஸ் கொடுத்து விவாதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். 58 வயது விவசாயி. இரைப்பையில் புற்றுநோய் என்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது. மூத்த மகன் டாக்டரைத் தனியாகப் பார்த்து, “அப்பாவுக்குத் தெரியவேண்டாம் டாக்டர், அல்சர்னு சொல்லிடுங்க. தெரிஞ்சா உடைஞ்சிடுவார்” என்கிறார். டாக்டர் என்ன செய்ய வேண்டும்?

நம் மாணவி எழுந்து, “சொல்லித்தான் ஆகணும். ஆட்டானமி” என்றிருக்கிறார், அதாவது தன் விருப்பப்படி முடிவெடுக்கும் நோயாளியின் உரிமை. பின் பெஞ்சிலிருந்து ஒரு தோழர் ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ என்று குறளை எடுத்துவிட, வகுப்பே கைதட்டியிருக்கிறது. இன்னொருவர், “எங்க தாத்தா கடைசி வரைக்கும் ஒண்ணும் தெரியாம நிம்மதியா போனார். வெள்ளைக்காரன் எழுதின விதியெல்லாம் நம்ம ஊருக்கு ஆகாது” என்றாராம். நம் மாணவிக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உட்கார்ந்துவிட்டார். எழுதிக்கொடுத்த தாளில் ஆசிரியர் ‘முடிவு இருக்கிறது, காரணம் இல்லை’ என்று குறித்துப் பத்துக்கு நான்கு போட்டிருக்கிறார். அதே ஆசிரியர் வகுப்பு முடிவில், “இதிலெல்லாம் சரி, தப்புன்னு ஒண்ணும் கிடையாது” என்றும் சொல்லியிருக்கிறார். “அப்படியானால் எனக்கு ஏன் நான்கு?” என்று கேட்கிறார் மாணவி.

இரண்டு வாரம் கழித்து, பெண்கள் அறுவை சிகிச்சை வார்டில் ஒரு அம்மா இவர் கையைப் பிடித்து, “பாப்பா, அந்த அட்டையில எனக்கு என்ன நோய்னு எழுதியிருக்கு? படிச்ச புள்ளதானே, சொல்லு” என்று கேட்டிருக்கிறார். கேஸ் ஷீட்டில் மார்பகப் புற்றுநோய் என்று இருந்தது. கணவர் டீ வாங்கப் போயிருந்தார். “எனக்குத் தெரியாதும்மா, பெரிய டாக்டர்கிட்ட கேளுங்க” என்று சொல்லிவிட்டு இவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். ‘வகுப்பில் உண்மைக்காக வாதாடியவள் வார்டில் முதல் கேள்விக்கே பொய் சொன்னேன். இந்தப் பாடத்தால் என்ன பயன்? சட்டம் சொல்வதைச் செய்துவிட்டுப் போய்விடலாமா?’ என்று கடிதம் முடிகிறது.

வலி தணிப்பு சிகிச்சை மருத்துவரும், மருத்துவ அறநெறி வகுப்பு எடுப்பவருமான ஒருவரின் பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

மதிப்பெண்ணை முதலில் முடித்துவிடுவோம். ‘ஒரே ஒரு சரியான விடை கிடையாது’ என்பதைத்தான் உங்கள் ஆசிரியர் ‘சரி, தப்பு கிடையாது’ என்று அவசரத்தில் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். மணி அடிக்கும் நேரத்தில் எல்லா ஆசிரியரும் இப்படி எதையாவது சொல்லி வைப்போம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ரத்தக்கொதிப்புக்கு நாலைந்து வகை மாத்திரையில் எதை எழுதினாலும் சரியாக இருக்கலாம். அதற்காக ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடிய புரோப்ரனலால் எழுதினால் அது ‘என் கருத்து’ ஆகிவிடாது, தப்புதான். அறநெறியிலும் ஏற்கத்தக்க விடைகள் பல இருக்கும். ஏற்க முடியாத விடைகளும், அதைவிட அதிகமாக ஏற்க முடியாத காரணங்களும் இருக்கும். உங்கள் நான்கு மதிப்பெண் காரணத்துக்கானது. கொஞ்சம் கறார்தான், ஆனால் அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

தொண்டை அடைத்தது பற்றி வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். ஒருவரிடம் அவர் உடம்பைப் பற்றியே பொய் சொல்கிறார்கள் என்று கேட்டதும் உங்களுக்கு ஏதோ உறுத்தியது. காய்ச்சல் மாதிரிதான் அது. உள்ளே எதுவோ இருக்கிறது என்று காட்டும், என்னவென்று சொல்லாது. என்னவென்று தேடுவதுதான் இந்தப் பாடம்.

ஆட்டானமி என்றால் போதுமா?

தன் விருப்பப்படி முடிவெடுக்கும் உரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாதிருத்தல், நீதி. இந்த நான்கையும் 1979-ல் ஒன்றாக அடுக்கித் தந்த பீச்சம்ப், சில்ட்ரெஸ் என்ற இரு அமெரிக்கர்கள், முதலாவது பெரியது, நான்காவது சிறியது என்று வரிசைப்படுத்தவில்லை. ஒன்றோடொன்று மோதும்போது அந்தக் கேஸில் எது கனமானது என்று எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். எங்கள் வகுப்பு மாணவர்கள் பலர் இந்த நான்கையும் கைக்குள் வைத்துக்கொண்டு, கேஸ் வந்ததும் ஒன்றை உருவிப் போடுகிறார்கள். நீங்கள் செய்ததும் அதுதான்.

ஒரு சின்னப் பரிசோதனை. அந்த விவசாயி முதல் நாளே, “டாக்டர், நல்லதோ கெட்டதோ எல்லாத்தையும் பெரியவன்கிட்டயே சொல்லிடுங்க, எனக்கு எதுவும் வேண்டாம்” என்று சொல்லியிருந்தால்? இப்போது அவரைக் கட்டிலில் உட்கார வைத்து ரிப்போர்ட்டைப் படித்துக்காட்டினால் அவர் விருப்பத்தை மதித்ததாக ஆகுமா? தெரிந்துகொள்ளும் உரிமைக்குள் தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையும் அடக்கம். நீங்கள் சொன்ன அதே காரணம், இந்த ஒரு விவரம் மாறியதும் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. அப்படியானால் ‘சொல்லியே ஆக வேண்டும்’ என்ற உங்கள் முடிவு அந்தக் காரணத்திலிருந்து வந்ததல்ல. முடிவு முன்னாலேயே வந்துவிட்டது, காரணத்தைப் பிறகு ஒட்டவைத்தீர்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மணி நேரம் விவாதித்திருக்கிறீர்கள். மகன் பேசுகிறார், டாக்டர் பேசுகிறார், வள்ளுவர் பேசுகிறார், இறந்துபோன தாத்தா பேசுகிறார். அந்த விவசாயி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்லணும் என்ற நீங்களும் சொல்லக்கூடாது என்ற தோழர்களும் அவருக்கு என்ன வேண்டும் என்று யூகித்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்கியிருக்கிறீர்கள். “உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க? நேரா உங்ககிட்ட பேசட்டுமா, வீட்ல யார்கிட்டயாவது பேசணுமா?” என்று அவரிடமே கேட்கலாம் என்று அறுபது எழுபது பேர் இருந்த வகுப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இது உங்கள் கல்லூரியின் குறையல்ல, என் வகுப்பிலும் முதல் அரை மணி நேரத்தில் யாருக்கும் தோன்றாது.

இன்னொன்றும் தப்பிவிட்டது. பயாப்ஸி ரிப்போர்ட் யாருடையது? அப்பாவுடையது. அதை அவரிடம் கேட்காமல் மகனிடம் முதலில் சொன்னது யார்? கேஸின் முதல் வரியிலேயே டாக்டர் ஒரு தவறு செய்துவிட்டார். நாமெல்லாம் மூன்றாவது வரியில் போய் நின்றுகொண்டு வாதாடுகிறோம்.

“உடைஞ்சிடுவார்” என்பது என்ன மாதிரி வாக்கியம்?

மகன் சொன்னதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ‘அப்பாவை நோகடிக்கக் கூடாது’ என்பது ஒரு மதிப்பு. அதில் யாருக்கும் சண்டையில்லை. ‘தெரிந்தால் உடைந்துவிடுவார்’ என்பது நடக்கப்போவதைப் பற்றிய கணிப்பு. அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அறநெறி விவாதங்களில் பாதி, மதிப்பைப் பற்றிய சண்டை போலத் தோன்றினாலும் உள்ளே விவரத்தைப் பற்றிய சண்டையாகவே இருக்கிறது. விவரத்தை விசாரித்தால் சண்டையே பாதியாகக் குறைந்துவிடும்.

நான் மகன்களிடம் கேட்பது இதுதான்: “தம்பி, இதுக்கு முன்னாடி அப்பாவுக்குப் பெரிய அடி எதாவது விழுந்திருக்கா? அப்ப எப்படி இருந்தார்?” பயிர் கருகிய வருஷம், தம்பி இறந்தது, மகள் வாழ்க்கை முறிந்தது என்று ஒவ்வொன்றாக வரும். சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தி, “தாங்குவார்தான் டாக்டர், எனக்குத்தான் சொல்லத் தெரியலை” என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சில பேர், “ஒரு தடவை மருந்தைக் குடிச்சிட்டார், நல்லவேளை காப்பாத்திட்டோம்” என்பார்கள். அது வேறு விவரம். அப்போது எப்படிச் சொல்வது, யாரை உடன் வைத்துக்கொள்வது, மனநல மருத்துவரை எப்போது அழைப்பது என்று என் திட்டமே மாறும். மகனை வில்லனாக்கிவிட்டால் இந்த விவரம் எதுவும் உங்கள் கைக்கு வராது.

கைதட்டல் வாங்கிய குறள்

உங்கள் தோழர் சொன்னது 292-வது குறள்.

பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த
நன்மை பயக்கும் எனின்

அவர் முதல் மூன்று சீரோடு நிறுத்தியிருப்பார் என்று பந்தயம் கட்டுவேன். இந்தக் குறளின் உயிர் கடைசிச் சொல்லில் இருக்கிறது. ‘எனின்’. குற்றம் கலவாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது. இது பொய்க்குக் கொடுத்த பொது அனுமதிச்சீட்டு அல்ல. நிபந்தனையை நிறைவேற்றிவிட்டேன் என்று காட்டும் பாரம் பொய் சொல்கிறவர் தலையில் இருக்கிறது. இதற்கு முந்தைய குறளில்தான் வாய்மை என்றால் தீமை இல்லாத சொல்லைச் சொல்வது என்று இலக்கணம் சொல்லப்படுகிறது. ஆக வள்ளுவர் கேட்பது, இந்தச் சொல்லால் யாருக்காவது தீங்கு வருமா என்ற விசாரணையை.

சரி, விசாரிப்போம். அல்சர் என்று சொல்லிக் கூட்டிவரப்பட்டவர், ‘புற்றுநோய்ப் பிரிவு’ என்று ஓரடி உயர எழுத்தில் எழுதிய பலகையின் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மூன்று வாரத்துக்கொரு முறை டிரிப் ஏறும், முடி கொட்டும். அல்சருக்கு முடி கொட்டுமா என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் கேட்பார், அவர் சொல்லிவிடுவார். நிலத்தைப் பிரித்து எழுத வேண்டுமா, கடைசி மகளின் கல்யாணத்தை முன்னால் வைக்க வேண்டுமா, இந்த சிகிச்சையே வேண்டுமா என்று முடிவெடுக்க அவருக்கு இருந்த சில மாதங்கள் அல்சருக்குச் செலவாகிவிடும். இந்த நன்மையைப் ‘புரைதீர்ந்த நன்மை’ என்று உங்கள் தோழர் நிரூபித்தால் நானும் கைதட்டுகிறேன். சில நேரங்களில் நிரூபிக்கவும் முடியலாம், அதையும் மறுக்கவில்லை. மறதிநோய் முற்றி, சொன்னதை அரை மணியில் மறந்து, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு அழும் பாட்டிக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்ல மாட்டேன்.

தாத்தா ஒன்றும் தெரியாமல் போனாரா?

அந்தத் தோழரிடம் மெதுவாகக் கேளுங்கள், அவர் தாத்தாவுக்காக வருத்தப்படுகிறவர். தாத்தாவுக்குத் தெரியாது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

என் அனுபவத்தில் அடிக்கடி நடப்பது இது. உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு டிரெஸ்ஸிங் மாற்றும்போது நோயாளி குரலைத் தாழ்த்திச் சொல்வார்: “எனக்கு என்னன்னு தெரியும் டாக்டர். தெரியும்னு என் பையனுக்குச் சொல்லிடாதீங்க, பாவம், தாங்கமாட்டான்.” வெளியே வராந்தாவில் அந்தப் பையன் ஏற்கெனவே என்னிடம் அதே வாக்கியத்தை அப்பாவைப் பற்றிச் சொல்லியிருப்பான். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதற்காக இருவரும் தனித்தனியாக அழுதுகொண்டிருப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கும் பேரனுக்கு அது நிம்மதி போலத்தான் தெரியும்.

‘வெள்ளைக்காரன் விதி’ என்பதற்கும் ஒரு விவரம். 1961-ல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமல் விடுவதே தங்கள் விருப்பம் என்று ஏறக்குறைய 90 சதவீதம் பேர் சொன்னார்கள். 1979-ல் அதே மாதிரிக் கேள்வியை அமெரிக்காவில் மறுபடி கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டு வருஷத்தில் அங்கே கலாசாரம் அடியோடு மாறியதா? சிகிச்சை மேம்பட்டது, நோயாளிகள் கேட்கத் தொடங்கினார்கள், மருத்துவர்கள் யோசித்தார்கள். நம் ஊர் டாக்டர்கள் இன்று சொல்லும் காரணங்களையெல்லாம் அவர்கள் அன்று சொன்னார்கள். அதனால் ‘நம் கலாசாரம்’ என்று யாராவது ஆரம்பித்தால் விவாதம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நம் வீடுகளில் முடிவைச் சேர்ந்து எடுக்கிறோம் என்பது உண்மை, மதிக்க வேண்டியதும்கூட. சேர்ந்து எடுக்கும் முடிவில் நோயாளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒரே ஒரு விவரத்தை மாற்றுங்கள்

நான் வகுப்பில் செய்யும் ஒரு வேலையைச் சொல்கிறேன், நீங்கள் அறையில் உட்கார்ந்தே செய்யலாம். கேஸை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு விவரத்தை மட்டும் மாற்றுங்கள். நோயாளி 28 வயது ஐ.டி. ஊழியர், மறைக்கச் சொல்வது அவர் அப்பா. உடனே வகுப்பில் முக்கால்வாசிப் பேர், “அவன்கிட்ட சொல்லணும் சார்” என்பார்கள். ஏன்? படித்தவன் என்பதாலா? அப்படியானால் படிக்காதவருக்கு உரிமை குறைவா? இப்போது நோயாளி மனைவி, மறைக்கச் சொல்வது கணவர், நோய் கர்ப்பப்பையில். மாணவிகள் பக்கம் சட்டென்று அமைதியாகும். “அவர் கணவர்தானே, நல்லதுக்குத்தானே சொல்கிறார், மகனை நம்பினீர்களே?” என்று கேட்பேன். பிறகு ஒன்று: நோயாளி நீங்கள்.

ஒவ்வொரு மாற்றத்திலும் உங்கள் விடை மாறினால், மாறியதற்கு ஒரு காரணம் சொல்ல முடிய வேண்டும். முடிந்தால் உண்மையிலேயே முக்கியமான விவரத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். முடியாவிட்டால் வயதையோ படிப்பையோ வேட்டியையோ பார்த்து முடிவெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எனக்கே இது நடந்திருக்கிறது. கைநாட்டு வைக்கும் நோயாளிகளிடம் நான் பேசும் நேரம், ஆங்கிலத்தில் கேள்வி கேட்பவர்களிடம் பேசுவதைவிடக் குறைவு என்று ஒரு நர்ஸ் சுட்டிக்காட்டித்தான் எனக்குத் தெரிந்தது.

சட்டத்தை மட்டும் பின்பற்றலாமா?

பின்பற்றத்தான் வேண்டும். ஆனால் அது பாதி தூரம்தான் கூட வரும். சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்துவையுங்கள். வயிற்றுக்குள் சிறு கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபி பரிசோதனைக்குப் போன 44 வயதுப் பெண். மயக்கத்தில் இருக்கும்போது வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். நோயாளி முடிவெடுக்கத் தகுதியுள்ள வயதுவந்தவர், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆகவே அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். உங்கள் விவசாயிக்கு இதைப் பொருத்துங்கள். அல்சர் என்று நம்பிக்கொண்டு கீமோதெரபி படிவத்தில் அவர் போடும் கையெழுத்து எதற்கான சம்மதம்? மகன் போடும் கையெழுத்து எதற்கு உதவும்?

அதே சமயம், மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள் நோயின் தீவிரத்தைக் கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது என்கின்றன. யாரிடம்? நோயாளி, உறவினர், அல்லது பொறுப்புள்ள நண்பர்களிடம் என்று மூவரையும் ஒரே மூச்சில் சொல்கின்றன. நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்து அதே மாதமே நிறுத்திவைக்கப்பட்டன. ஆக, பொய்யான சம்மதம் வாங்காதே என்பது வரை சட்டம் தெளிவு. அதற்கு அப்பால் எப்போது, எவ்வளவு, எந்த வார்த்தையில் என்பதற்கு எந்தத் தீர்ப்பிலும் விடை கிடைக்காது. உங்கள் புத்தி வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான்.

நான் மகனிடம் கடைசியில் சொல்வது: “நானாப் போய் அவர்கிட்ட போட்டு உடைக்க மாட்டேன். ஆனா அவர் கேட்டா பொய் சொல்ல மாட்டேன். கேட்கும்போது நீயும் பக்கத்துல இரு.” ஒத்துக்கொள்ளாத மகனை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். தேர்வில் எழுதினால் இந்த மூன்று வாக்கியத்துக்கும் காரணம் சேர்த்து எழுதுங்கள். எதிர்த் தரப்பின் வாதத்தை அந்தத் தோழரே படித்து, “ஆமா, இதைத்தான் சொன்னேன்” என்று ஒப்புக்கொள்கிற மாதிரி எழுதிவிட்டுப் பிறகு மறுங்கள். நான்குக்கு மேல் கிடைக்கும்.

வார்டில் அந்த அம்மா

இப்போது உங்களை உறுத்தும் விஷயம். அந்த இடத்தில் நோயின் பெயரை நீங்கள் சொல்லாதது சரி. கோழைத்தனம் இல்லை. கேஸ் ஷீட்டில் இருப்பது உறுதியான முடிவா, சந்தேகமா என்று இரண்டாம் ஆண்டு மாணவிக்குத் தெரியாமல் போகலாம். அவர் அடுத்து, “பொழைப்பேனா? மார்பை எடுத்துடுவாங்களா?” என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. கெட்ட செய்தி சொல்வதற்கு 2000-ல் வெளியான ‘ஸ்பைக்ஸ்’ என்ற ஆறு படி முறையில் செய்தியைச் சொல்வது நான்காவது படி. உட்கார இடம் பார்ப்பது, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, இந்த மூன்றும் அதற்கு முன்னால். கணவர் டீயோடு திரும்பும் இடைவெளியில் இது நடக்காது.

தவறு ‘தெரியாது’ என்ற ஒரே சொல்லில் இருந்தது. அதன் இடத்தில், “அம்மா, நான் இன்னும் படிக்கிற பொண்ணு. நான் சொன்னா அரைகுறையா போயிடும். உங்களுக்குத் தெரிஞ்சுக்கணும்னு இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்றேன்” என்றிருந்தால் பொய்யும் இல்லை, போட்டு உடைத்ததும் இல்லை. ஆறு படியில் மூன்றாவது படியை அந்த அம்மாவே கையைப் பிடித்து ஏறிவிட்டார். நோயாளி தானாகக் கேட்டுவிட்டார் என்பது அந்த யூனிட்டில் யாருக்கும் தெரியாத தகவல். உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் இன்னும் வார்டில் இருந்தால் நாளை காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் அந்தக் கட்டிலைப் பார்க்கும் பிஜி டாக்டரிடம், அதாவது மேற்படிப்புப் படிக்கும் டாக்டரிடம், இதைச் சொல்லுங்கள். அவர், “புருஷன் சொல்லவேண்டாம்னுட்டார், விடு” என்றால் யூனிட் சீஃபிடம் போங்கள். திட்டு விழலாம், தாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் பேசும்போது நானும் நிற்கலாமா என்று அனுமதி கேளுங்கள். அதற்கு முன் ஐந்து நிமிஷம் கிடைத்தால் அந்த அம்மாவிடம் போய், “அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னேன், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. நீங்க கேட்டதை டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்” என்று சொல்லுங்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். கேஸ் ஷீட்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.